எண்பதில் நடக்கும் கால்கள் எப்போது உருவாகின்றன, தெரியுமா?

ஈப்போவிலிருந்து கோப்பேங் போகும் பழைய சாலையில் தெற்கே வாருங்கள். சிம்பாங் பூலாய் வருவதற்குள் வெள்ளை வெளேரென்று வெட்டுப்பட்ட மலைகள் கண்ணில் படும். கல் ஏற்றிய லாரிகள் தூசி கிளப்பிக்கொண்டு போகும். அந்த மலைகள் எதனால் ஆனவை, தெரியுமா? கால்சியம் கார்பனேட்! எலும்பு பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிற கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் இதே கால்சியம் கார்பனேட்தான்! 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்தப் பகுதி கடலடியில் கிடந்தது. சிப்பிகளும் பவளங்களும் விட்டுச்சென்ற ஓடுகள் படிந்து, இறுகி, சுண்ணாம்புப் பாறையாகி, இன்று நம் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் மலையாக நிற்கின்றன. பெயிண்டுக்கும் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அந்தப் பாறையின் தூள்தான் போகிறது.

இதைவிடப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. உங்கள் எலும்பு தன் உச்ச வலுவை எட்டுவது எந்த வயதில், தெரியுமா? ஏறக்குறைய 30 வயதுக்குள்! அதற்குப் பிறகு இருப்பதைக் காப்பாற்றலாமே தவிர, பெரிதாகச் சேர்க்க முடியாது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு கரையும் வேகம் இன்னும் கூடுகிறது. அப்படியென்றால் 75 வயதில் குளியலறையில் வழுக்கி விழும்போது இடுப்பெலும்பு முறியுமா, தாங்குமா என்பதில் ஒரு பங்கு, அந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தீர்மானமாகிவிட்டது! முதுமைக்குத் தயாராவது 60 வயதுக்காரரின் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது 12 வயதுப் பேத்தியின் தட்டில் தொடங்குகிறது.

அந்தத் தட்டில் என்ன வைக்கலாம்? 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம்தான்! முள்ளோடு சேர்த்துச் சாப்பிடுகிற நெத்திலியும் கால்சியச் சுரங்கம். வேலியோரத்து முருங்கை மரமும் அப்படியே. தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு ஒரு முருங்கை நின்றது. தாமான் வீடுகளில் அந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு, நாங்கள் இன்னும் இளைஞர்கள்தானே என்கிறீர்களா? நாட்டிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமான மாநிலம் எது, தெரியுமா? நம் பேராக்! பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பெற்றோர் இங்கே தங்கிவிடுகிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக உயர பிரான்சுக்கு 115 ஆண்டுகள் பிடித்தன. மலேசியாவுக்கோ சுமார் 24 ஆண்டுகளே போதும் என்று உலக வங்கி கணித்திருக்கிறது. 2020ஐ ஒட்டித் தொடங்கிய அந்த ஓட்டம் 2044 வாக்கில் முடிந்துவிடும். இன்று 50 வயதில் இருப்பவர்தான் அந்தக் கணக்கில் வரும் முதியவர்!

சரி, கால்களுக்கு வருவோம். ரப்பர் தோட்டத்தில் விடியும் முன்பே மரம் வெட்டப் போனார்களே, ஏன் தெரியுமா? குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும், பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பாலும் குறையும். அதனால்தான் இருட்டோடு இருட்டாகப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியோடு நிரையில் இறங்கினார்கள். ஒருவருக்கு 400 முதல் 600 மரங்கள்! ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து நிமிர வேண்டும். மேடு ஏற வேண்டும், பள்ளம் இறங்க வேண்டும். பிறகு அதே மரங்களைத் திரும்பச் சுற்றி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்று உடற்பயிற்சிக் கூடத்தில் மாதச் சந்தா கட்டிச் செய்கிற அத்தனையும் அதில் இருந்தன!

அந்த வாழ்க்கை திரும்ப வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மலேரியாவும் கடனும் குறைந்த கூலியும் எத்தனையோ பேரை முதுமை என்ற ஒன்றைப் பார்க்கவே விடவில்லை. ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தபோது எதை விட்டுவிட்டு வந்தோம், எதைத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். நடையை விட்டுவிட்டோம். சுமப்பதை விட்டுவிட்டோம். கூட்டத்தை விட்டுவிட்டோம். இனிப்புத் தேத்தண்ணியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்!

கைப்பிடியின் வலுவை அளந்தால் ஆயுளின் போக்கு தெரியும், இது தெரியுமா? 17 நாடுகளில் சுமார் 140,000 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மலேசியர்களும் அதில் உண்டு. பிடிவலு 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடியிருந்தது! இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடி நன்றாக எச்சரித்தது என்றார்கள் ஆய்வாளர்கள். துணியைப் பிழிகிற கை, தேங்காய் துருவுகிற கை, வாளி தூக்குகிற கை! இயந்திரம் வந்தது நல்லதுதான். ஆனால் கைக்கு வேறு வேலை கொடுக்காமல் விட்டுவிட்டோமே!

“வயசாயிருச்சு, இனிமே என்ன உடம்பு தேறப்போவுது” என்று சொல்கிற தாத்தாக்களுக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 10 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது 90! நோயும் தளர்ச்சியுமாக இருந்தவர்கள். அவர்களை 8 வாரம் காலால் எடை தூக்கவைத்தார்கள். 1990இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது! தொடைத் தசையின் பருமன் 9 விழுக்காடு ஏறியிருந்தது. ஊன்றுகோலோடு வந்தவர்களில் இருவர் அதை ஓரமாக வைத்துவிட்டு நடந்தார்கள்! எட்டே வாரம், தொண்ணூறு வயதில்! தசைக்குப் பிறந்த தேதி தெரியாது. வேலை கொடுத்தால் எந்த வயதிலும் வளரும்.

தசை வளரப் புரதம் வேண்டும். வயதானவர்கள் குறைவாகச் சாப்பிட்டால் போதும் என்று நினைப்பது எவ்வளவு தவறு, தெரியுமா? ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் முதியோருக்குத் தேவை என்கிறது வல்லுநர் குழு ஒன்றின் பரிந்துரை. இளையவர்களுக்குச் சொல்லப்படும் 0.8 கிராமைவிட இது அதிகம்! 60 கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஒரு நாளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம், தெம்பே 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம். ஈப்போ புந்தோங்கில் ஒரு கிராமமே கச்சான் பூத்தே தயாரித்துப் பெயர் வாங்கியிருக்கிறது. இரவில் இரண்டு பிஸ்கட்டும் ஒரு கிளாஸ் மைலோவும் போதும் என்கிற பழக்கத்துக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் எவ்வளவு நல்லது! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் புரதத்தைக் கூட்டவேண்டும்.

சிம்பாங் பூலாயிலிருந்து கொஞ்ச தூரத்தில், குனோங் ராப்பாட்டில் கெக் லோக் தோங் குகைக் கோயில் இருக்கிறது. குகையைக் கடந்து பின்பக்கம் போனால் குளம், பூங்கா, நடைபாதை, வெறுங்காலில் நடப்பதற்காகக் கூழாங்கல் பதித்த பாதை. காலையில் அங்கே நடப்பவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். அந்தக் கல்பாதைக்கு என்ன சக்தி, தெரியுமா? சீனாவில் பூங்கா தோறும் இருக்கிற இந்தப் பாதைகளைப் பார்த்து வியந்த அமெரிக்க ஆய்வாளர்கள், 60 வயதைத் தாண்டிய 108 பேரைப் பிடித்து, பாதிப்பேரைக் கூழாங்கல் விரிப்பில் 16 வாரம் நடக்கவைத்தார்கள். மற்றவர்கள் சாதாரணத் தரையில் நடந்தார்கள். 2005இல் வந்த முடிவு: கல்லில் நடந்தவர்களுக்கு உடல் சமநிலை கூடியது, இரத்த அழுத்தமும் இறங்கியது! நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் வெறுங்காலில் இதைச் செய்யக் கூடாது. காயம் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

இப்போதே ஒரு சோதனை! சுவரோரமாக நின்று ஒரு காலைத் தூக்கி, 10 விநாடி நில்லுங்கள். முடிகிறதா? பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை இப்படி நிற்கவைத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். நிற்க முடியாதவர்களுக்கு அடுத்த 10 ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம் 84 விழுக்காடு அதிகமாக இருந்தது. இந்த முடிவு 2022இல் வெளியானது. அதே குழுவினர் இதற்கு முன்பு இன்னொரு சோதனையும் செய்திருந்தார்கள். கையை ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்பதே அது! சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுவிட்டு அப்படியே எழுந்த நம் தாத்தாக்கள் அந்தச் சோதனையில் நாள்தோறும் மூன்று வேளை தேறியவர்கள்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து காஜா சாலையில் இருக்கிற கெல்லிஸ் கோட்டையை எல்லோரும் பார்த்திருப்போம். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர் முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித், மதராஸ் பக்கத்திலிருந்து ஆட்களை வரவழைத்துக் கட்டிய மாளிகை. அதில் லிஃப்டுக்குக்கூட இடம் விட்டிருந்தார், தெரியுமா? ஆனால் 1926இல், 56 வயதில் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார். வீடு முடியவே இல்லை. மாடிமேல் மாடி கட்டுகிற நம்மவர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். முதியோர் விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான், அதிலும் குளியலறையிலும் படிகளிலும். கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, இரவில் எரிகிற ஒரு சின்ன விளக்கு, கீழ்த்தளத்திலேயே ஒரு படுக்கையறை. 50 வயதில் வீட்டைப் புதுப்பிக்கும்போதே இவற்றைச் சேர்த்துவிட்டால் செலவு எவ்வளவு குறைவு!

அடுத்தது, என்னை மிகவும் மகிழவைத்த செய்தி. ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் மறதிநோய் வந்த 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது! அதைவிடப் பெரிய ஆச்சரியம், எழுதப் படிக்கவே தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் தென்பட்டது! பள்ளிக்கூடம் தந்த பலன் அல்ல, நாக்கும் காதும் தந்த பலன்!

சிம்பாங் பூலாய் பசாரில் மீன் வாங்குகிற ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தமிழ். சில வீடுகளில் தெலுங்கோ மலையாளமோ கூடச் சேரும். கிளினிக்கில் மலாய். மீன்காரரிடம் விலை பேசக் கந்தோனீஸ். பேரப்பிள்ளையிடம் கொஞ்சம் இங்கிலீஷ். ஒரே காலைப்பொழுதில் நான்கு மொழிக்குள் நுழைந்து வெளியே வருகிறார்! “அம்மாவுக்குப் படிப்பில்ல, தோட்டத்துல பால் வெட்டுனவங்க” என்று கூச்சத்தோடு சொல்கிற பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் மூளை எவ்வளவு பயிற்சி பெற்றது என்று தெரிந்துகொள்ளுங்கள்! எல்லா ஆய்வுகளும் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும், பேரப்பிள்ளைகளோடு தமிழில் பேசுவதற்கு இதைவிட இனிப்பான காரணம் வேண்டுமா? இருவருக்கும் லாபம்!

60 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்று 2018இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. ஆனால் உலகில் ஏற்படும் மறதிநோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது 2024இல் வந்த லான்செட் ஆணையத்தின் அறிக்கை! அதில் சொன்ன 14 காரணங்களில் முன்வரிசையில் நிற்பவற்றுள் ஒன்று எது, தெரியுமா? காது கேளாமை! காது மந்தமானால் பேச்சு குறையும், பேச்சு குறைந்தால் ஆள் ஒதுங்கிவிடுவார், மூளைக்கு வேலை போய்விடும். தொலைக்காட்சிச் சத்தத்தை அப்பா கூட்டிக்கொண்டே போனால் சண்டை போடாதீர்கள். காதைச் சோதிக்கக் கூட்டிப் போங்கள்.

நடையும் மூளையை வளர்க்கிறது! வாரத்தில் மூன்று நாள், 40 நிமிடம் நடந்த முதியவர்களின் மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி ஓராண்டில் 2 விழுக்காடு பெருத்திருந்தது. நடக்காமல் தசைநீட்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. 2011இல் வந்த இந்த முடிவு 120 பேரிடம் எடுத்தது. பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டும் என்ற பயமும் வேண்டாம். அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது! சராசரி 72 வயதுள்ள பெண்களிடம் எடுத்த கணக்கில், நாளுக்கு 4,400 அடி நடந்தாலே இறப்பு அபாயம் நன்றாகக் குறைந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை.

இப்போது கசப்பான பகுதி, இனிப்பைப் பற்றியது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் எவ்வளவு, தெரியுமா? 31.4 விழுக்காடு! ஏறக்குறைய மூன்றில் ஒருவர்! கண், சிறுநீரகம், பாதம், இதயம் என்று முதுமையில் நம்மைப் படுத்துகிற பலவற்றுக்கும் வேர் இதுதான். தே தாரேக்கில் ஊற்றுகிற இனிப்புக் கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை! உலக சுகாதார நிறுவனம் விரும்பும் அளவு ஒரு நாளுக்குச் சுமார் 6 தேக்கரண்டி. அதை இரண்டு கிளாஸே தின்றுவிடக்கூடும். கடையில் உட்கார்ந்தவுடன் “அண்ணே, கோப்பி ஓ கோசோங்” என்று சொல்லிப் பழகுங்கள். முதல் வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும். பிறகு பழகிவிடும்.

நீரிழிவு பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உடலுக்குள் இருக்கும். அதனால் சோதனைதான் ஒரே வழி. உதவித்தொகை பெறும் பி40 குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவச உடல்நலச் சோதனை செய்கிற பெக்கா பி40 திட்டம் 2019இலிருந்து இருக்கிறது, தெரியுமா? பதிவு செய்த தனியார் கிளினிக்கிலேயே போய்ச் செய்துகொள்ளலாம். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கிறோமே, 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அந்த 1 வெள்ளியும் கிடையாது! இவ்வளவு கதவுகள் திறந்திருந்தும் பாதத்தில் புண் வந்த பிறகே ஓடுகிறோம் என்பது என் நெஞ்சை அறுக்கிறது.

உடம்பு இருந்தால் போதுமா, பணம்? இங்கே நம் மாநிலத்துக்காரர் ஒருவரின் கதை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தக் காலத்து ஆட்களுக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். வேலை போனால் லயத்து வீடும் போகும். பிறந்ததும் வளர்ந்ததும் பெற்றோரைப் புதைத்ததும் அந்த மண்ணில்தான், ஆனால் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த வீ. தி. சம்பந்தன் அப்போது அமைச்சர். அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மாதம் 10 வெள்ளி போடுங்கள், 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு, எல்லோரும் சேர்ந்து தோட்டத்தையே வாங்குவோம்! 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்களை வாங்கியது. அந்த 10 வெள்ளி அன்றைய பால்மரத் தொழிலாளிக்குப் பல நாள் சாப்பாட்டுச் செலவு! கையில் மிஞ்சியதைச் சேமித்தவர்கள் அல்லர் அவர்கள். மிஞ்சாததிலிருந்து எடுத்துச் சேமித்தவர்கள்!

அதற்கும் முன்பே, 1951இல், ஊழியர் சேமநிதி இந்த நாட்டில் தொடங்கிவிட்டது. இபிஎப் உலகின் பழமையான சேமநிதிகளில் ஒன்று! அதில் பணத்தை எடுக்காமல் விட்டால் எத்தனை வயது வரை லாப ஈவு கிடைக்கும், தெரியுமா? 100 வயது வரை! 55 வயதில் முழுவதையும் எடுத்து, காரும் கல்யாணமும் முடித்து, சில ஆண்டுகளில் வெறுங்கையோடு நிற்பவர்கள் எத்தனை பேர்! இன்று குறைந்தபட்ச ஓய்வு வயதே 60. அதற்குப் பிறகும் இருபது ஆண்டு வாழ்வு காத்திருக்கிறது.

ஒரு கணக்கு போட்டேன். மாதம் 100 வெள்ளி, ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். 45 வயதில் தொடங்கினால் 60இல் சுமார் 26,700 வெள்ளி சேரும். 25 வயதில் தொடங்கினால்? 113,600 வெள்ளி! போட்ட பணம் 18,000க்குப் பதில் 42,000தான். கிடைத்ததோ நான்கு மடங்குக்கும் மேல்! 45 வயதுக்காரர் மாதம் 200 போட்டாலும் அதில் பாதியைத் தொட முடியாது. ரப்பர் கன்று நட்டால் ஆறேழு ஆண்டுக்குப் பாலே கிடையாது, அதற்காக யாரும் நடாமல் இருந்ததில்லை. கன்று நட்டவர்களின் பிள்ளைகள்தானே நாம்!

முதலாளி இல்லாத தொழில் செய்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள் ஐ-சாரான் திட்டத்தில் தாமாகவே இபிஎப்பில் பணம் போடலாம். போடுவதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது, 2025 நிலவரப்படி. 2,500 வெள்ளி போட்டால் 500 வெள்ளி கூடுதல் வரவு! இல்லத்தரசிகளுக்கும் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால், சமையலறையில் வழுக்கி விழுந்தாலும் பெர்கேசோ பாதுகாப்பு கிடைக்கும்! 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டம். 55 வயதுக்குள் சேரவேண்டும். அம்மாவின் பெயரில் இதைக் கட்டிவிட்டுத்தான் அன்னையர் தின கேக்கை வாங்கவேண்டும் என்பேன்.

இன்னும் ஒரு விஷயம். முஸ்லிம் அல்லாத மலேசியர் ஒருவர் திருமணத்துக்கு முன்பு எழுதிய உயில், திருமணம் ஆனதும் செல்லாமல் போய்விடும், தெரியுமா? அந்தத் திருமணத்தை மனத்தில் வைத்தே எழுதியதாக உயிலில் இருந்தால்தான் தப்பும். 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் அப்படிச் சொல்கிறது. இபிஎப்பில் வாரிசு பெயரைப் பதியாமல் விட்டவரின் குடும்பம் அந்தப் பணத்துக்காகக் காகிதத்தோடு அலையவேண்டியிருக்கும். பெயர் பதிய ஆகும் நேரமோ ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

இத்தனையும் சரியாக வைத்திருந்து, பேச ஆளில்லாமல் போனால்? 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது 2010இல் வந்த ஓர் அலசல். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகம்! 1938இல் ஹார்வர்டில் தொடங்கி இன்றும் தொடர்கிற ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 50 வயதில் ஒருவருடைய கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதைவிட, உறவுகளில் அவர் எவ்வளவு நிறைவாக இருந்தார் என்பதே 80 வயது நலத்தை நன்றாகக் காட்டியது! பெரட்டுக் களத்திலும் கோயில் திருவிழாவிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நம் ஆட்களுக்குத் தானாகக் கிடைத்த ஒன்று அது. தாமானில் இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் கிடைக்காது. தேடிப்போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருந்தவர்கள், மோசமாக நினைத்தவர்களைவிட ஏழரை ஆண்டு அதிகம் வாழ்ந்தார்கள் என்று 2002இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டைப் பாருங்கள். கோயம்புத்தூர் நானம்மாள் 98 வயதில் பத்மஸ்ரீ பெற்ற யோகாசன ஆசிரியை! மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் வயலில் இறங்கி வேலை பார்த்தார். 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். “கிழவிக்கு எதுக்கு இந்த வேலை” என்ற பேச்சை இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் ஓய்வுபெற்றவர்களுக்காக ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். தேர்வும் கிடையாது, பட்டமும் கிடையாது, கற்றுக்கொள்ளும் ஆசை போதும்! மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்ற அந்த யோசனை உலகம் சுற்றி, மலேசியாவிலும் புத்ரா பல்கலைக்கழகத்தின் வழியாக வேர்விட்டது. சமூகநல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையங்களும் பல ஊர்களில் இருக்கின்றன. பேராக்கிலேயே தைப்பிங் நகரம், முதியோருக்கு ஏற்ற நகரங்களின் உலக சுகாதார நிறுவனக் கூட்டமைப்பில் இடம்பிடித்திருக்கிறது!

சிம்பாங் பூலாயில் இப்படிக் கூடுவதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். கோயில் மண்டபமோ தாமான் பொதுக்கூடமோ போதும். கை வைக்காத நாற்காலிகள் பத்து. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரையுள்ள பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 வரவேண்டும். 70 முதல் 74 வயது வரையுள்ள பெண்ணுக்கு 10, ஆணுக்கு 12. வந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாரம் இரண்டு மாலை கூடுங்கள், எழுந்து உட்காருங்கள், ஒற்றைக் காலில் நில்லுங்கள். பிறகு சர்க்கரை போடாத தேத்தண்ணி, ஒரு கிண்ணம் சுண்டல், இபிஎப் பாரம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவர். காது கேளாதவருக்கு முன்வரிசை. எட்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டு, மூன்று கூடியிருந்தால், எல்லோரும் சேர்ந்து ஈப்போவில் ரயிலேறி ஒரு பயணம் போய்வாருங்கள். 60 வயதைத் தாண்டிய மலேசியர்களுக்கு கேடிஎம் ரயிலில் பாதிக் கட்டணம், தெரியுமா?